ஞாயிற்றுக்கிழமை கரண்ட் குடித்தது யார்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மறுபடி திருப்பினால் மறுபடியும் அதே 'டிக்'. பல்லி கத்துவது போலச் சின்னச் சத்தம்தான். ஆனால் அது கேட்டால் அடுப்படியில் இருக்கிற அம்மாகூடக் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வேன் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

நான் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்தேன். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீடு. அப்பா ஒரு பழைய டீசல் வேன் வாங்கி, கம்பெனிக்கு முதல் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போக விட்டிருந்தார். ஓட்டுவது அப்பாவின் தம்பி, அந்தோணிச் சித்தப்பா. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் விடியும் முன்பே ஆட்கள் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள். வேன் போகாவிட்டால் அவர்களுக்கு அன்றைய ஷிப்ட் போச்சு.

மற்ற நாளெல்லாம் வேன் ஒரே சாவியில் எடுக்கும். திங்கட்கிழமை மட்டும் செத்துக் கிடக்கும். கம்பெனியில் ஞாயிறும் ஓ.டி., அதாவது ஓவர்டைம், இருந்தவரை வேன் தினமும் ஓடியதால் ஒன்றும் தெரியவில்லை. ஓ.டி. நின்று, சனி சாயங்காலம் நிறுத்திய வேன் திங்கள்வரை அப்படியே நிற்க ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை. தெருவே கூடித் தள்ளும். "பேட்டரிக்கும் ஞாயித்துக்கெழம லீவு போல" என்று அம்மா சொல்வாள். பேட்டரியைப் புதிதாக மாற்றியும் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை அதே 'டிக்'.

சித்தப்பாவுக்குப் பாட்டு என்றால் உயிர். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"லீவு நாளு பூரா வேனுக்குள்ள குந்திகினு பாட்டு கேக்கறான். பேட்டரி இன்னா பண்ணும்?"

"அண்ணா, நான் வண்டிகிட்டயே போவலண்ணா."

அப்பா நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை சாவியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். திங்கட்கிழமை வண்டி எடுக்கவில்லை.

"வேற சாவி போட்டு வச்சிகிறான்" என்றார்.

"சாவி உங்க இடுப்புலதான கீது? அவரு இன்னா காத்தாவா உள்ள பூந்தாரு?" என்றாள் அம்மா.

கம்பெனிக்கு வண்டிகளை அமர்த்துகிற ஏஜெண்ட், இன்னொரு தடவை லேட்டானால் வேறு வேன் போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி சோற்றின் முன்னால் உட்கார்ந்து அப்பா சொன்னார்: "வர்ற திங்கக்கெழம வண்டி எடுக்கலன்னா, நீ வேற எடம் பாத்துக்கோ." சித்தப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். கெஞ்சுகிற ஆள் இல்லை அவர். போகிறேன் என்றால் போய்விடுவார். அவர் போனால் எங்கள் வீட்டில் சிரிக்க ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சித்தப்பா வேனைத் திறந்தார். பேட்டரியில் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பைச் சேர்த்தார். வண்டியில் எல்லாம் அணைந்திருந்தால் பல்பு எரியக் கூடாது. எரிந்தது, மங்கலாக, சிவப்பாக. நிற்கிற வண்டியில் எதுவோ கரண்ட் குடித்துக்கொண்டிருக்கிறது. இனி ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கவேண்டியது. எதைப் பிடுங்கினால் பல்பு அணைகிறதோ, அந்த லைனில்தான் "லீக்கு". பல்பைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

"எரியுதா பாப்பா?"

"எரியுது."

"இப்ப?"

"எரியுது."

பியூஸ் பூராவும் கழற்றித் தரையில் போட்டாயிற்று. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. சித்தப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அப்பா சொன்னார்: "வண்டி நல்லாத்தான் கீது. ஆளுதான் சரியில்ல."

அம்மா துடைப்பத்தோடு வந்தாள். "எல்லாத்தையும் கழட்டிப் போட்டாச்சி, உள்ள குப்பையாவது வாரறேன்" என்று வெறுங்காலோடு பின்பக்கம் ஏறினாள். ஐப்பசி மாதம், மழை ஈரத்தில் தகரம் சில்லென்று கிடந்தது. பின் சீட்டுக்குக் கீழே கூட்டப் போனவள் காலை எடுத்தாள்.

"இன்னாங்க, இங்க மட்டும் சுடுது?"

சித்தப்பா படுத்துக் கையை விட்டார். மைக் செட்டின் ஆம்பிளிஃபயர் பெட்டி. அந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு எங்கள் வேனில்தான் மாதா சுரூபத்தை வைத்து ஊர்வலம் விட்டார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஜனங்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். சாவி போடாவிட்டாலும் மைக் பேசணும் என்று மைக் செட்காரரிடம் சொன்னது அப்பாதான். அந்த ஆள் பியூஸ் பெட்டிப் பக்கமே போகாமல் பேட்டரியிலிருந்து "டைரக்ட்" கொடுத்திருந்தார். திருவிழா முடிந்து மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் போய்விட்டன. அடுத்த வருஷத்துக்கு ஆகட்டும் என்று விட்ட பெட்டி, சத்தமே இல்லாமல் இரவும் பகலும் விழித்துக் கிடந்திருக்கிறது. ஓடுகிற நாளில் அது குடித்ததை இன்ஜின் நிரப்பிவிடும். நிற்கிற நாளில் யார் நிரப்புவது?

சித்தப்பா வயரை இழுத்தார்.

"அணைஞ்சிச்சி!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை.

சீட்டுக்கு வெளியே நீண்டிருந்த சித்தப்பாவின் கால்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்.

"அண்ணா, ஞாயித்துக்கெழம பாட்டு கேட்டது நான் இல்லண்ணா. மாதா!"

"வாயக் கழுவு" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, அவளும் சிரித்தாள். அப்பா கிட்டே வந்து அணைந்த பல்பைக் குனிந்து பார்த்தார். "நல்ல ஒயரு. சுத்தி எடுத்து வையி, அந்தோணி" என்றார். வாரக்கணக்கில் அவர் தம்பியின் பேரைச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா நேரே உள்ளே போனாள். சித்தப்பா காலையிலேயே துணிமணியைப் பையில் கட்டி வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனையையும் சோப்புத் தண்ணீரில் கொட்டினாள். துவைத்து மடித்த துணியையும் விடவில்லை. "ஈரத்தோட எங்க போவீங்க தம்பி?" என்றாள்.

மறுநாள் காலை வேன் ஒரே சாவியில் எடுத்தது. சித்தப்பா வேண்டாத ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். நான் திரும்பவும் படுத்துத் தூங்கினேன்.

அந்த வேன் இப்போது இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. வேன் நின்ற இடத்தில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வாடகை ரூம் கட்டியிருக்கிறோம். கம்பெனியே பஸ் விடுகிறது, நானும் அதில்தான் ஷிப்டுக்குப் போகிறேன். திருவிழாவுக்கு மைக் செட் தன் வண்டியிலேயே வந்து போகிறது. திங்கட்கிழமை காலையில் யார் வண்டியையும் தள்ளத் தெருவில் ஆள் கூடுவதில்லை.

சித்தப்பா குடும்பத்தோடு வாலாஜாபாத்தில் இருக்கிறார். லீவு கிடைத்தால் வந்து இரண்டு நாள் தங்குவார். கையை வீசிக்கொண்டுதான் வருவார். ஒரு லுங்கியும் இரண்டு சட்டையும் எங்கள் வீட்டுக் கொடியிலேயே கிடக்கின்றன.