செங்கல் சூளையையும் எழுதச் சொன்ன மெர்சி மேடம்

கவரைப்பேட்டை தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்து பங்கில் டீசல் போட வண்டியை நிறுத்தியிருந்தேன். போன் அடித்தது. மேடத்தின் தங்கை. "அண்ணா, அக்கா நம்பள உட்டுட்டுப் போய்ட்டாங்கண்ணா" என்றது அந்தப் பெண். ஆந்திரா பார்டரிலிருந்து கன்னியாகுமரி வரை லாரி ஓட்டியவன் நான். நடுக்காட்டில் புலியை நேருக்கு நேர் பார்த்து, ஹாரன் அடித்தே விரட்டியவன். அன்றைக்குச் சாவியைத் திருகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர், "யோவ், போட்டாச்சில்ல, எட்யா வண்டிய!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார். கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தவர், "தள்ளி ஒக்காருண்ணா" என்று சொல்லி, அவரே என் வண்டியை எடுத்து ஓரமாக நிறுத்திக் கொடுத்தார்.

நம் பாலிடெக்னிக்கில் படித்த உங்களுக்கு மெர்சி மேடம் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. வெளியார் யாராவது இந்தக் காலேஜ் மலரைப் புரட்டினால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அறைக்கு வெளியே 'வேலைவாய்ப்பு அதிகாரி' என்று பலகை இருக்கும். கோடை விடுமுறை வந்தால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இன்டர்ன்ஷிப் பிடித்துக் கொடுப்பதும், அதற்கு அவர்களை ரெஸ்யூம் எழுத வைப்பதும் அவர் பொறுப்பு. நான் காலேஜ் வேன் டிரைவர் ஏழுமலை. பிள்ளைகளுக்கு மாமா. எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் அந்த எட்டாவதை ஊன்றிப் படித்தேன்.

அவர் ஊர் செவ்வாப்பேட்டையில் அவரை எடுத்துக்கொண்டு போனபோது வந்த கூட்டத்தை நான் எந்த மந்திரி சாவிலும் பார்த்ததில்லை. ஷிப்டு முடித்து யூனிபாரத்தோடு வந்தவர்களே பாதிப்பேர். மின்சார ரயில்கூட அன்று ஸ்டேஷனில் வெகுநேரம் நின்றுதான் போனது. மேடம் இருந்திருந்தால், "அண்ணா, அது சிக்னலுக்கு நின்னுது" என்பார். சொல்ல ஆள் இல்லை. அதனால் மரியாதைக்குத்தான் நின்றது என்று எழுதுகிறேன்.

அவர் வேலைக்கு வந்த முதல் வருடம் நடந்தது இது. ஒரு கம்பெனியில் வரிசையாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசியவர் கடைசியில் மேடத்தைக் கூப்பிட்டு, "உங்க காலேஜ்ல எல்லாரும் செஸ் ஆடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். எல்லாருடைய ரெஸ்யூமிலும் பொழுதுபோக்கு என்ற இடத்தில் செஸ். யாரோ ஒரு சீனியர் எழுதியதைப் பென்டிரைவில் வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு புண்ணியவான் அப்பா பெயரைக்கூட மாற்றவில்லை. "உன் அப்பா பேர் இன்னா தம்பி?" என்று கேட்டதற்கு, தாளைப் பார்த்துத்தான் பதில் சொன்னானாம். திரும்பி வரும்போது வண்டிக்குள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். மேடம் மட்டும் முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து, "செஸ்ல குதிர எப்படிடா போவும்?" என்றார். எவனுக்கும் தெரியவில்லை. "சரி, ஊட்ல நெசமா இன்னா வேல செய்வ, அதச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். தொழிற்பேட்டைக்குப் போகிற வழியெல்லாம் வேனுக்குள் இன்டர்வியூ. நான்தான் மேனேஜர். கண்ணாடியில் பார்த்துக் கேள்வி கேட்பேன். இந்த மாவட்டத்தில் எனக்குப் பயப்படாத பையன் கிடையாது. மேடம் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உள்ளவன் என்று யாராவது ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "அப்பாவோட மோட்டர் கழட்டி மாட்டியிருக்கியா? அத எழுது. தங்கச்சி சைக்கிளுக்கு செயின் போட்டியா? அத எழுது. கை செஞ்சத எழுதுனா, கேள்வி கேக்கறப்ப வாய் ஒளறாது." இதை அவர் சொல்லாத கோடை இல்லை.

உள்ளதை உள்ளபடி சொல்கிற விஷயத்தில் எனக்கும் அவருக்கும் எப்போதும் தகராறுதான். ஒரு கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. நான் இறங்கி, "யாருன்னு தெரியுமா? கலெக்டரம்மாவோட கூடப் பொறந்தவங்க" என்றேன். கேட் தானாகத் திறந்தது. மேடம் உள்ளே போனதும் முதல் வார்த்தையே, "சார், எனக்குக் கலெக்டர் யாரும் சொந்தமில்ல, எங்க டிரைவர மன்னிச்சிக்குங்க" என்றாராம். அவர்கள் சிரித்துக்கொண்டே இடம் கொடுத்துவிட்டார்கள். "நான் சொன்னதுக்குத்தான் கேட் தொறந்துது மேடம்" என்றேன். "நான் சொன்னதுக்குத்தாண்ணா நாற்காலி போட்டாங்க" என்றார்.

இந்த வருடத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குப் பிறகு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். அப்புறம் அதன் பெயரையும் சொன்னார்கள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். வேனில் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வருகிற தணிகாசலம் என்ற பையன். அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் செங்கல் சூளையில் வேலை செய்துவிட்டு, பிறகு படிக்க வந்தவன். ரெஸ்யூமில் அந்த ஒரு வருடத்தை எப்படி மறைப்பது என்று என்னிடம் கேட்டான். "டைபாய்டுன்னு எழுதிக்க, டாக்டர் கையெழுத்து நான் வாங்கியாறேன்" என்றேன். மேடத்துக்குக் காது அப்படி ஒரு காது. "ஒரு வருஷம் ஊட்டக் காப்பாத்தியிருக்க. அத ஏன்டா மறைக்கற? சூளைன்னே எழுது" என்றார். எழுதினான்.

கம்பெனியில் மற்ற எல்லாரையும் எடுத்துக்கொண்டார்கள். அவனை மட்டும் வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு வருடம் என்ன, கூலி வேலையா என்று கேட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேடம் எவ்வளவோ பேசிப் பார்த்தார். இன்டர்ன்ஷிப் முடிக்காவிட்டால் அவனுக்கு இன்னொரு வருடமும் போய்விடும். ஏற்கெனவே ஒரு வருடத்தைச் சூளையில் கொடுத்தவன். "இன்னொரு வருஷமெல்லாம் தாங்காது மாமா, அம்மா படிச்சது போதும்னுடும்" என்றான் என்னிடம்.

அன்றைக்கு அவனை இறக்கிவிட்ட பிறகு மேடம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். "நான் சொல்லித்தானண்ணா எழுதுனான். பொய் எழுதியிருந்தா எடம் கெடச்சிருக்கும் இல்ல?" என்றார். நான் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மறுநாள் அவரைச் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை.

பார்க்கப் போனேன். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்னால், "தணிகாசலத்துக்கு எடம் கெடச்சுதாண்ணா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கெடச்சிடுச்சி மேடம். எம்மாம் பெரிய கம்பெனின்றீங்க! காலையில நாஷ்டா, மத்தியானம் சாப்பாடு, சாயந்திரம் போண்டா. மஞ்ச ஹெல்மெட்டு. ஏசி பஸ்ல போறான் மேடம். நம்ம வண்டியத் திரும்பிக்கூடப் பாக்கல."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தங்கை ஓடிவந்து முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும், "ரொம்ப சந்தோஷம்ணா. திங்கக்கெழம சாயந்திரம் அவன இட்டுக்கினு வாங்க. வேல முடிச்சிட்டு அப்படியே வரட்டும், குளிக்க வேணாம். அழுக்கோட வரட்டும்" என்றார்.

அதற்கப்புறம் நான் பட்ட பேஜாரு இந்த உலகத்தில் யாரும் பட்டதில்லை. தணிகாசலத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வள்ளூரிலிருந்து திருவள்ளூர் வரை போய் நிற்காத கேட் இல்லை. எல்லா இடத்திலும் ஆள் நிரம்பிவிட்டது என்றார்கள். சனிக்கிழமை, ஜமால் பாய் பட்டறையில் போய் நின்றோம். இயந்திர உதிரிகளை உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து உறுதியாக்குகிற இடம். கத்திரி வெயிலில் உள்ளே கால் வைத்தாலே முகம் எரிந்தது.

"இன்டர்ன்ஷிப்பா?" என்றார் பாய். "போன வருஷம் ரெண்டு பேர் வந்தானுங்க. சாப்ட்டு வரோம்னு போனானுங்க. இன்னும் வந்துக்கினே இருக்கானுங்க."

"பாய், இவன் அப்படி இல்ல, காலேஜ்லயே மொத மார்க்கு, கவர்னர் கையால மெடல்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ கொஞ்சம் கம்முனு இருய்யா" என்று சொல்லிவிட்டு, பாய் அவன் தாளைப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "சூளையில இன்னா பண்ண?"

"கல்லு ஏத்துனேன் பாய். அப்பறம் தீ போட உட்டாங்க."

"எரியற சூள மேல ஏறி நின்னுருக்கியா?"

"நின்னுருக்கேன். காலு சுடும். சாக்க நனச்சி சுத்திக்குவோம்."

பாய் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "திங்கக்கெழம காலையில வா. சாக்கு வாணாம், ஷூ தரேன்."

திங்கள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அவனை உள்ளே விட மாட்டேன் என்றார். உடம்பெல்லாம் கரி, எண்ணெய் வாசனை. நான் என்ன சொல்லி உள்ளே கூட்டிப் போனேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தை, சட்டையை, ஷூவை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இன்னிக்கி இன்னாடா கத்துக்கின?" என்றார். குரல் காற்று மாதிரி வந்தது.

"இரும்ப எந்தச் செவப்புல வெளிய எடுக்கணும்னு பாய் காட்டுனாரு மேடம். சூளையில பாத்த செவப்புதான். எனக்கு டக்குனு தெரிஞ்சிடுச்சி."

"அதையும் எழுதிக்க" என்றார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கரி அவர் விரலில் ஒட்டியது. துடைக்க வந்த தங்கையை வேண்டாம் என்றார்.

பையன் வெளியே போய் அழுதான். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "அன்னிக்கி நீங்க சொன்னது பொய்யின்னு அப்பவே தெரியும்ணா. ஆனா, சொல்லிட்டீங்கன்னா செஞ்சிடுவீங்கன்னும் தெரியும்."

வியாழக்கிழமை அந்த போன் வந்தது.

தணிகாசலம் இன்னும் பாய் பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். முடித்துவிடுவான். அடுத்த கோடைக்குப் பிள்ளைகளின் தாள்களை யார் படித்துத் திருத்துவார்கள் என்று தெரியவில்லை. முன் சீட்டில் இப்போது யாரையும் உட்கார வைப்பதில்லை. என்னைப் பற்றி நான் சொல்லிக்கொண்டது ஏராளம், ஊரே கேட்டிருக்கிறது. என்னைப் பற்றி இன்னொருவர் சொல்லி, நான் பத்திரமாக வைத்திருப்பது மேடம் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.