ஆஸ்பத்திரிக்கு வந்த செம்மறிக் கிடா

“ஆடு மேய்க்கிறவரு பொண்ணு. கண்ணாடிக் குழாயை ஒடைக்காம புடிச்சாலே பெரிசு.”

1964ஆம் வருடம், திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கிருந்த கம்பவுண்டர் என் காதுபடச் சொன்னது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். குழாய்களைக் கழுவி அடுக்க ஆரம்பித்தேன்.

சில மாதங்களில், கோலியனூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் எங்களிடம் வந்தார். விரல் மூட்டுகள் வீங்கி, இரண்டு கைகளும் கோணியிருந்தன. பெருநோய், அதாவது தொழுநோய், என்று பயந்து, புகுந்த வீட்டில் அவருடைய குழந்தையைப் பிரித்து வைத்துவிட்டார்கள். எங்கள் மருத்துவமனை டாக்டரம்மா நன்றாகப் பரிசோதித்துவிட்டு, இது முடக்குவாதம், உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது, யாருக்கும் ஒட்டாது என்றார். கூட வந்திருந்த கணவர் தலை குனிந்தார். “நான் கண்ணால பாத்துச் சொன்னாத்தான் எங்க ஊட்ல ஒத்துக்குவாங்க,” என்றார்.

கண்ணால் பார்க்க ஒரு வழி இருந்தது. முடக்குவாதக்காரர்கள் பலரின் ரத்தத்தில் உள்ள ஒரு பொருள், முயல் சீரத்தில், அதாவது முயல் ரத்தத்திலிருந்து பிரிக்கும் தெளிநீரில், பக்குவப்படுத்திய செம்மறி ஆட்டு ரத்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருந்தார்கள். டாக்டரம்மா மதராஸிலிருந்து இரண்டையும் வரவழைத்தார். முயல் சீரம் நன்றாக வந்தது. ஆட்டு ரத்தம் வெயிலில் கெட்டுப்போயிருந்தது. ரத்தம்தானே வழியில் கெடுகிறது, ஆட்டையே வரவழைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வல்லத்தில் இருந்த அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய வண்டியில் கிடாவோடு வந்து இறங்கினார். ஆட்டுக்கு என்ன வியாதி என்று வாசலில் காவலாளி மறித்தார்.

“ஆட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. டாக்டரம்மாவுக்கு ஒத்தாசைக்கு வந்துகீது,” என்றார் அப்பா.

கம்பவுண்டர் பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்ள, நான் கிடாவின் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்தேன். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், “இத்த எனக்கு ஏத்தினா நானும் ம்மேன்னு கத்துவேனாக்கா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கணவரை அழைத்தோம். கம்பவுண்டர் குழாய்களை என் பக்கம் நகர்த்தி, “நீயே காட்டும்மா,” என்றார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத என் சீரம் கலந்த குழாயின் அடியில் சிவப்பு சின்னப் பொட்டாக நின்றது. அந்தப் பெண்ணின் சீரம் கலந்ததில் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பாய் விரித்தாற்போல் அடி முழுக்கப் பரவியிருந்தன. கணவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியின் கோணிய கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். அந்த வாரமே குழந்தை அம்மாவிடம் வந்துவிட்டது.

மலேரியாவுக்குத் தரும் மாத்திரை இந்த நோய்க்கும் உதவுகிறது என்று அப்போது தெரியவந்திருந்தது. டாக்டரம்மா அதைக் கொடுத்தார். அடுத்த அறுவடைக்குள் வீக்கம் நன்றாக வற்றிவிட்டது. விரல்கள் முழுதாக நிமிரவில்லை. ஆனால் எங்கள் கண்முன் தன் கையாலேயே குழந்தைக்குச் சோறு ஊட்டினார்.

எங்கோ யாரோ செய்த ஆராய்ச்சி ஒரு குழந்தையைத் தாய் மடிக்குத் திருப்பித் தரும் என்பதை என் கையாலேயே செய்து பார்த்துவிட்டதால், இந்தப் பரிசோதனைகளை இன்னும் ஆழமாகக் கற்க மதராஸில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். இதை விடுதி அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.