மாமி இல்லாத வீட்டில் ஒரு காதலர் தினம்

1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில், என் மனைவி வீட்டில் நடந்தது இது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நெருங்கிய சிநேகிதர்களிடம்கூட இதை நான் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரியா நடந்துகொண்டேன்!

நான் நிந்தவூர்க்காரன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடும் பெண்ணுக்குத்தான். அந்த வீடு மாமிக்கு அவருடைய உம்மா கொடுத்தது. எங்கள் நிக்காஹ் நடந்த மாதமே மாமி அதை மகளின் பெயருக்கு எழுதிவிட்டு, தன் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு குசினியோடு ஒட்டிய பின்னறைக்குப் போய்விட்டார். முன் கூடமும் இரண்டு அறைகளும் எங்களுக்கு. கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை.

மாமி மருமகன் முன்னால் வரமாட்டார். மார்க்கத்தில் அதற்குத் தடை ஒன்றும் கிடையாது, ஊர் வழக்கம், மரியாதை. என் சைக்கிள் மணி கேட்டதும் உள்ளே போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியதைத் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் சொல்வாள். நானும் கிணற்றடியைத் தாண்டிப் பின்வளவுக்குப் போகமாட்டேன். அது பெண்கள் புழங்கும் இடம். எட்டு மாதத்தில் அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. அவர் சமைத்ததை மட்டும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன்.

அப்போது நான் கொழும்பில் ஒரு கம்பனியில் கிளாக். மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவேன். கொழும்புத் தண்ணீர் இரண்டு வருடம் குடித்தவனுக்கு ஊரில் எல்லாமே பட்டிக்காடாகத் தெரியும். எனக்கும் அந்த வியாதி நன்றாகப் பிடித்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் டைப் அடிக்கும் பறங்கிப் பெண் ஒருவர், பெப்ரவரி பதினான்காம் திகதி தன் வீட்டில் நடப்பதைச் சொன்னார். அன்றைக்குப் புருஷன்தான் மேசை விரிப்பாராம். தேநீர்கூட அவரே போட்டுக் கொண்டுவருவாராம். பிறகு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்களாம்.

அந்த எதிரெதிரே என்ற சொல் என் மனதில் ஏறிக்கொண்டது. என் மனைவி எனக்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டு நான் கண்டதில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு உள்ளே போய் உம்மாவோடுதான் சாப்பிடுவாள்.

அந்த வருடம் பதினான்காம் திகதி ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. சிவப்பு இருதயம் போட்ட வாழ்த்து அட்டை ஒன்று, பட்டர் கேக் ஒன்று, சென்ட் போத்தல் ஒன்று வாங்கினேன். கேக் பெட்டியைப் பயணம் முழுவதும் மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பிள்ளைக்குப் பிறந்தநாளா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவைத்தேன்.

வெளியே எங்கேயாவது கூட்டிப்போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கே போவது? அந்தக் காலத்தில் கல்முனைச் சாப்பாட்டுக் கடைகளுக்குள் எங்கள் பெண்கள் கால் வைப்பதில்லை. கடற்கரைக்குப் போனால் கரைவலைக்காரர்கள் எல்லாரும் எனக்கு ஏதோ ஒரு முறையில் மச்சான். படத்துக்குப் போனால் படம் முடியும் முன்பே செய்தி நிந்தவூருக்குப் போய்விடும். ஆகவே வீட்டில்தான் என்று முடிவெடுத்தேன். கதிர் முற்றியிருந்த காலம் என்பதால் மாமா வயல்வாடிக் குடிசையில் காவல் இருந்தார். மிச்சம் மாமி ஒருவர்தான்.

சனிக்கிழமை என் திட்டத்தைச் சொன்னதும் மனைவி சிரித்தாள். பிறகு முகம் மாறிவிட்டது.

"உம்மா இரிக்கக்குள்ள நான் எப்பிடி ஒங்களுக்கு முன்னால குந்திச் சாப்பிடுற? வெக்கமில்லையா மச்சான்?"

"அப்ப உன்ட உம்மா எங்கயாவது போகட்டும் புள்ள. ஒரு நாளைக்காவது இந்த ஊடு நம்மட ஊடா இரிக்கட்டும். எந்த நேரமும் திரைக்குப் பின்னால ஒரு ஆள் நிண்டா மனிசன் எப்பிடிச் சந்தோசமா இரிக்கிற?"

அவள் வாயில் விரலை வைத்து என்னை அடக்கினாள். நான் மெதுவாகத்தான் பேசினேன். திரையும் அசையவில்லை.

மறுநாள் காலை பின்னறையிலிருந்து மாமியின் குரல் கேட்டது. "மகள், நான் பகல் லுஹர் தொழுதுட்டு தங்கச்சிர ஊட்ட போறன். பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருவன். மருமகனுக்கு வட்டிலப்பம் அவிச்சி வெச்சிரிக்கன், மறக்காமக் குடு."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நாம் சொல்லாமலே தானாகப் போகிறாரே என்று நினைத்தேன். அவர் ஏன் போகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து மேசையை விரித்தேன். அட்டையை நடுவில் நிறுத்தினேன். கேக்கை ஒரு பக்கம் வைத்தேன். வட்டிலப்பத்தை மறுபக்கம் வைத்தேன். இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டேன். மனைவி கதிரையின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்தாள். அட்டையில் இருந்த இங்கிலீசை வாசித்து அர்த்தம் சொன்னேன். "இதச் சொல்றத்துக்கா இத்தினக் காசு குடுத்த?" என்று கேட்டாள். ஆனாலும் முகம் சிவந்துவிட்டது. ஒரு துண்டு கேக் எடுத்து, என்னைப் பார்க்காமல், என் முன்னால் சாப்பிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்று உலகத்தையே வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது மழை பிடித்தது. "வாப்பாட நெல்லு நனையப் போகுதே" என்று அவள் கவலைப்பட்டாள். நான் அந்தப் பேச்சை மாற்ற, இன்றைக்குத் தேநீர் என் பொறுப்பு என்று எழுந்தேன். அடுப்புப் பற்றவைக்கத் தெரியுமா என்று அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். வீறாப்பாகக் குசினிக்குள் போனேன். அடுப்படியில் இரண்டு சுள்ளிதான் கிடந்தது. விறகு பின்வளவுக் கொட்டிலில் இருக்கும் என்று தெரியும். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகக் கிணற்றடியைத் தாண்டி ஓடினேன்.

கொட்டிலுக்குள் மாமி இருந்தார்.

விறகு அடுக்குக்கும் கிடுகு வேலிக்கும் இடையில், ஒரு தென்னங்குற்றியின் மேல் குந்தியிருந்தார். கூரை ஒழுகி ஒரு பக்கத் தோள் முழுவதும் நனைந்திருந்தது. செருப்பைக் கழற்றி நனையாமல் மடியில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தார். மறைய அங்கே திரையில்லை, கதவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு விறகுப் பக்கமாகத் திரும்பி நின்றார். எட்டு மாதத்தில் என்னோடு நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நான் இப்பதான் வந்த, மகன். ஒண்டும் காணல்ல, ஒண்டும் கேக்கல்ல. நீங்க போய்ச் சந்தோசமா இரிங்க."

"மாமி, உள்ள வாங்க" என்று எப்படியோ சொன்னேன். அவர் அசையவில்லை. நான் வழியில் நின்றால் அவர் எப்படி வருவார்? அது விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. திரும்பி ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்த வேகத்தில் கதிரை சரிந்தது. என்னைத் திட்டவில்லை. பின்கதவில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"என்ட உம்மாவ விறகுக்குள்ள இருத்திப்போட்டீங்களே மச்சான்."

மாமி உள்ளே வர வேண்டுமானால் நான் வெளியே போக வேண்டும். வேறு வழியில்லை. சேர்ட்டை மாட்டிக்கொண்டு முன்வாசலால் மழையில் இறங்கினேன். பெரிய ரோட்டில் பூட்டியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். அந்த வழியால் போனவர்கள் எல்லாம், என்ன புதுமாப்பிள்ளை மழையில் நிற்கிறார் என்று கேட்டார்கள். பஸ்ஸுக்கு என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன். பஸ்கள் வந்தன, போயின. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மஃரிபு தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனபோது பின்னறையில் மாமி பாயில் இருந்து ஓதும் சத்தம் கேட்டது. மற்றதெல்லாம் மனைவி சொல்லித்தான் தெரியும். மாமியின் தங்கச்சி வீட்டார் வயலுக்குப் போய்விட்டதால் கதவு பூட்டியிருந்ததாம். அயல் வீட்டில் போய் இருந்தால், மருமகன் வந்த நாளில் இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். அதனால் பின்வேலிக் கடவையால் வந்து, நான் ஒருபோதும் கால் வைக்காத இடம் அதுதான் என்று கொட்டிலுக்குள் குந்திவிட்டார். அஸர் பாங்கு சொன்னதும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கிணற்றடிக்கு வரப் பார்த்திருக்கிறார். வாளிச் சத்தம் எங்களுக்குக் கேட்டுவிடும் என்று வரவில்லை. நான் வெளியே போன பிறகுதான், மஃரிபுக்கு முன் அவசரமாகத் தொழுதாராம். தன் வீட்டில், தன் கிணற்றில் தண்ணீர் அள்ளப் பயந்து ஒரு மனுஷி இருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது என் தலை நிமிரவில்லை.

மேசையில் கேக்கின் பெரிய துண்டு ஒன்று பீங்கானால் மூடி வைக்கப்பட்டிருந்தது. மாமி எனக்காக எடுத்து வைக்கச் சொன்னதாம்.

அடுத்த மாதமும் நான் வந்தபோது வட்டிலப்பம் இருந்தது. அதற்கடுத்த மாதமும் இருந்தது. மாமி அந்த நாளைப் பற்றி மூச்சுவிடவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை திரைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறேன். அங்கே அவர் நிற்பதும் தெரியும். இருமிவிட்டுத் திரும்பிவிடுவேன். பதினொரு வருடம் கழித்து அவர் மௌத்தானார். ஜனாஸாவன்று, அடக்கத்துக்கு முன் முகத்தைத் திறந்து காட்டியபோதுதான் அவரை முதன்முதலாக நேராகப் பார்த்தேன்.

அவ்வளவு காலமும் ஒரே ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை நான் மனைவியிடம் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது, தற்செயலாகத்தான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினார், அவரே ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னாரே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எங்கள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு நானும் மனைவியும் பின்னறைக்கு வந்துவிட்டோம். மருமகன் நல்ல பிள்ளை, கூடத்தில் மகளிடம் பேசினால்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அந்த மெல்லிய குரலில் வரும் ஒவ்வொரு சொல்லும் திரைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை, மாமி பாய் விரித்திருந்த இடத்தில் படுத்துக்கொண்டு, இப்போது ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.