ராகு காலத்தில் பிடுங்கிய பேட்டரி

நேற்றிரவு நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டுவிட்டது. காலையில் பார்த்தால் எழுத்தெல்லாம் கொஞ்சம் பருத்திருக்கிறது, கடிகாரம் இடம் மாறியிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குள் யாரோ புகுந்து நாற்காலிகளை நகர்த்திப் போட்டுவிட்டுப் போன மாதிரி எரிச்சலாக இருந்தது. அதே எரிச்சலோடு பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளைத் தாண்டி நடந்தேன். மல்லிகை வாசம் மூக்கில் ஏறியதும் கூடவே தின்னர் வாசமும் வந்தது. தின்னர் அங்கே இல்லை நண்பரே, என் மண்டைக்குள்தான் இருக்கிறது.

அந்த வரிசையில்தான் நானும் மோகனும் வேலை பார்த்த போன் ரிப்பேர் கடை இருந்தது. இரண்டு ஸ்டூல், ஒரு கண்ணாடி மேசை, திறந்து போட்ட போன்களைத் துடைக்க ஒரு டப்பா தின்னர். முதலாளி ரவாங்கிலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நேரமெல்லாம் எங்கள் ராஜ்யம், ராஜ்யத்துக்குள் ஓயாத போர். மோகன் ஐபோன் கட்சி, நான் ஆண்ட்ராய்டு கட்சி.

"எங்க போனுக்கு அப்டேட் வந்தா எல்லாருக்கும் ஒரே நாள்ல வரும் லா. உன்னோடது? செஞ்ச கம்பெனி பாக்கணும், லைன்காரன் பாக்கணும், கடைசில வரவே வராது" என்பான்.

"எங்க போன்ல பேட்டரிய கழட்டலாம்டா. உன்னோடது சோப்புக்கட்டி" என்பேன். பேட்டரிதான் என் பிரம்மாஸ்திரம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அப்போது ரத்தம் கொதித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து ஓர் ஆன்டி வந்தார். கைக்குட்டையில் போனைச் சுற்றி வைத்திருந்தார். கூட வந்த அங்கிள் கடைக்குள் வரவில்லை, வெளியே அஞ்சடி நடைபாதையிலேயே நின்றுவிட்டார். போனை ஆன் செய்தால் திரையில் கம்பெனி முத்திரை மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

"என்ன ஆச்சு ஆன்டி?"

"அப்டேட் போட்டாதான் அந்த பச்சை ஆப் வேலை செய்யும்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லிச்சி. அமுத்தினோம். பாதி ஓடிக்கிட்டு இருக்கும்போது இவரு பேட்டரிய புடுங்கிட்டாரு."

"ஏன்?"

"ராவு காலம் வந்துருச்சாம்."

மோகன் சிரித்துவிட்டான். நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ஆன்டி சொன்ன அடுத்த வார்த்தையில் சிரிப்பு போய்விட்டது. மகன் பிரகாஷ் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். இரண்டு மணிக்கு அந்தப் பச்சை ஆப்பில் கூப்பிடுவான். அதை விட்டால் கப்பல் கிளம்பிவிடும், பல வாரங்களுக்குக் குரல் கேட்க முடியாது. கிள்ளான் கடையில் போனை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சில்ல தம்பி. கப்பலுக்குப் போனா எனக்கு போன் பண்ணாதன்னு சொன்ன மனுஷன் இவரு. அவன் கூப்பிட்டா எழுந்து வெளியே போயிடுவாரு" என்றார் தாழ்ந்த குரலில்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று தாண்டியிருந்தது. அந்த நேரத்திலும் மோகன் விடவில்லை.

"பேட்டரிய கழட்டலாம்னு பெருமை பேசினியே, பாத்தியா?"

"உன் போன பாதில நிறுத்தினா மட்டும் ஓடுமா?"

"உங்க சண்டைய அப்புறம் வச்சிக்கிறீங்களா!" என்று ஆன்டி மேசையைத் தட்டினார்.

போனை இரண்டு மணிக்குள் எழுப்ப முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிம்மை வேறு போனில் போடலாம். மேசையில் கிடந்தவையெல்லாம் வயிறு திறந்து கிடந்தன. என் போனோ, வெட்கக்கேடு, காலையில் நானே பெருமையாகப் போட்ட அப்டேட்டில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மோகன் தன் ஐபோனை எடுத்து வைத்தான். ஆன்டியின் நம்பருக்கு இடம் விட, அதிலிருந்த பச்சை ஆப்பில் தன் கணக்கையே அழித்தான்.

ஐபோனுக்குக் குட்டி சிம்தான் சேரும். ஆன்டியுடையது பெரியது. அதைச் சிறிதாக்க ஸ்டேப்ளர் மாதிரி ஒரு வெட்டுக் கருவி இருந்தது. கொஞ்சம் விலகினாலும் உள்ளே இருக்கும் சில்லு உடையும், பிரகாஷ் கூப்பிடும் நம்பர் அன்றைக்குச் செத்துவிடும். சிம்மைக் கருவிக்குள் வைத்து நேர் பார்த்தேன்.

"வெட்டினா திரும்ப ஒட்டுமா?" வெளியிலிருந்து அங்கிள் கேட்டார். அதுவரை அவர் குரலையே நான் கேட்டிருக்கவில்லை.

"ஒட்டாது அங்கிள்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ராவு காலம் முடிஞ்சிருச்சி. வெட்டு."

அழுத்தினேன். சிம்மைப் போட்டோம். 'சேவை இல்லை' என்றது. ஆன்டி முருகா முருகா என்று முனகினார். கொஞ்சம் பொறுத்து சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன, ஆப் கேட்ட சரிபார்ப்பு எண்ணும் குறுஞ்செய்தியில் வந்தது. இரண்டு மணி ஆயிற்று, தாண்டவும் தாண்டியது. அப்புறம்தான் மணி அடித்தது.

"ஐயா, சாப்ட்டியா?" என்றார் ஆன்டி. அழுதார், சிரித்தார். பிறகு, "அப்பாவா? இங்கதான்" என்று திரும்பினார். அங்கிள் எப்போது உள்ளே வந்தார் என்று எங்களுக்கே தெரியாது. போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பேட்டரிய நான்தான் புடுங்கினேன்" என்றார். "நீ பேசற போனு, நல்ல நேரத்துல சரியாகட்டும்னு நெனச்சேன். பாத்து போ."

மோகன் சுத்தமாக இருந்த கண்ணாடி மேசையை மறுபடி துடைத்தான்.

அதற்குப் பிறகு எப்போது அப்டேட் வந்தாலும் ராகு காலம் கழிந்ததும் அங்கிள் ரயிலேறி வந்துவிடுவார். "தம்பி, நீயே அமுத்து" என்று தன் போனை நீட்டிவிட்டு, அது முடியும்வரை மகன் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்று அந்த இடத்தில் பபிள் டீ விற்கிறார்கள். வெட்டுக் கருவி எங்கே போனதோ. சுங்கை பூலோவுக்குக் குடிபோன மோகன் இப்போது ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறான், என் கையில் ஐபோன். சந்தித்தால் கொலஸ்ட்ரால் பற்றிப் பேசுகிறோம். எந்தக் கட்சிப் போனிலும் பேட்டரியைப் பிடுங்க முடிவதில்லை. நேற்றிரவு என் போன் மாறிய நேரம் நல்ல நேரம்தானா என்று கேட்கத் தோன்றியது. அங்கிள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்தச் செய்தியை எனக்குச் சொன்னது பிரகாஷ்தான், அப்பாவின் நம்பரிலிருந்து.