உளுந்தஞ்சோற்றுக்குப் பின்னால் நின்ற வண்டி

கோமதியம்மாளைப் போலப் பயந்த பெண்பிள்ளை சங்கரன்கோவில் தாலுகாவிலேயே இருந்திருக்க மாட்டாள். லாரி ஹாரன் அடித்தால் பயம். காக்கிச் சட்டையைக் கண்டால் பயம். தெரியாத ஆள் யாராவது பெயரைச் சொல்லி விசாரித்தால் போதும், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் இரண்டாயிரத்துப் பதினொன்றில் புருஷன் அய்யாத்துரையோடு ஒரகடத்துக்கு வந்து, வாலாஜாபாத் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்தாள் என்றால், அது வயிறு செய்த வேலை. பயந்தவளுக்குப் பசிக்காதா என்ன?

சமையலில் அவளைக் குறை சொல்ல முடியாது. அறைக்கு ஆறு பேராக மாத்தூரில் அடைந்து கிடந்த தெற்கத்திப் பையன்களுக்கு அவளுடைய உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கிடைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கஷ்டம் என்னவென்றால், அப்படியொரு கடை இருப்பதே பத்துப் பேருக்குத்தான் தெரியும். சாலையில் நின்று கூப்பிட்டு வியாபாரம் பண்ண அவளுக்கும் வராது, அய்யாத்துரைக்கும் வராது.

அந்தப் பத்துப் பேரில் ஒருவன் மணிகண்டபிரபு. கோவில்பட்டிக்காரன். பக்கத்துக் கார் கம்பெனியில் டிரெயினி. அவன்தான் இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அவளுடைய போனில் கடை பெயருக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் திறந்து கொடுத்தான்.

"ஊரே பாக்குமே தம்பி, எனக்கு வெடவெடன்னு வருது."

"சோத்தத்தான் பாப்பாங்க எக்கா. ஒங்கள யாரு பாக்கப்போறா?"

அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குத் தெம்பு கொடுத்தது. அவன் சொல்லிக்கொடுத்தது அரைமணி நேரம். மீதியெல்லாம் அவளே கண்டுபிடித்தது. ஷிப்ட் விடுவதற்குக் கால்மணி நேரம் முன்னால் படம் போட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் கம்பெனி லைனில் வேலையாக நிற்கிறவன் பார்க்க மாட்டான், பிந்திப் போட்டால் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போயிருப்பான். சோற்றை ஜோடிக்கக் கூடாது, ஆவி பறக்கும்போதே எடுத்துவிட வேண்டும். உப்புக் கூடிவிட்டது என்று எவனாவது எழுதினால் அதை அழிக்காமல், 'ஆமா தம்பி, இன்னைக்குக் கை தவறிருச்சு, நாளைக்கு வாங்க' என்று எல்லோரும் பார்க்கவே பதில் போட வேண்டும். திட்டியவனே மறுநாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒரே வருஷத்தில் நாலாயிரம் லைக். கொட்டகையை நீட்டிக் கட்ட வேண்டியதாயிற்று.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதானே மனுஷனுக்குப் புத்தி வாலாட்டும். பதினாலாம் வருஷம் தீபாவளி முடிந்ததும் ஒரு போட்டி வைத்தாள். 'நம்ம கடைப் பார்சல் எங்கெல்லாம் போகுது? படம் எடுத்து அனுப்புங்க. நல்ல படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு இலவசம்.' வந்து குவிந்தன படங்கள். பஸ் ஜன்னலோரம் பார்சல், விடுதி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் பார்சல், குன்றத்தூர் மலைப் படிக்கட்டில் பார்சல்.

இந்த ரோட்டுக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவனுக்குக் கேமரா என்பது நெருப்பு. கேட்டில் நுழையும்போதே செக்யூரிட்டி போனை வாங்கி லென்ஸின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். வெளியே வரும்போது அது கிழியாமல் இருக்க வேண்டும். கோமதியம்மாளுக்கு இது தெரியாததல்ல. சாப்பிட வருகிறவர்களின் போனில் அந்த ஸ்டிக்கரைத் தினமும் பார்க்கிறவள்தான். ஆனாலும் போட்டி வைக்கிற உற்சாகத்தில் அது மண்டையில் உறைக்கவில்லை.

மணிகண்டபிரபுவுக்கும் உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வந்தது. கேன்டீன் கிடையாது என்று பார்சலை உள்ளே கொண்டுபோனான். ஸ்டிக்கரைப் பதமாக உரித்து, இலையை விரித்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் படம் எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டிவிட்டான். அறைக்குத் திரும்பியதும் வாட்சாப்பில் அனுப்பினான். 'பேரு போடாதீங்க எக்கா' என்று மட்டும் கீழே எழுதியிருந்தான்.

அவளும் பெயர் போடவில்லை. 'கம்பெனிக்குள்ளயும் நம்ம உளுந்தஞ்சோறு!' என்று போட்டாள். ராத்திரி படுப்பதற்குள் முந்நூறு லைக். மறுநாள் அது ஆயிரத்தைத் தாண்டியது. யார் யாரோ தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவன், 'சோறு இருக்கட்டும் அக்கா, பின்னாடி நிற்கிற வண்டி எந்தக் கம்பெனி? இதுவரை பார்த்ததே இல்லையே' என்று கேட்டிருந்தான். பாராட்டு என்று நினைத்து அவள் அதற்கு ஒரு சிரிக்கிற முகத்தைப் பதிலாகப் போட்டாள். அவள் பார்த்ததெல்லாம் துவையல் நன்றாகத் தெரிகிறதா என்பதைத்தான்.

அன்று சாயங்காலம் மணிகண்டபிரபு கூப்பிட்டான். குரலே அவன் குரலாக இல்லை.

"எக்கா, அந்தப் படத்த எடுத்துருங்க. இப்பமே எடுங்க."

"ஏன் தம்பி? நல்லா ஓடுதே."

"பின்னால நிக்க வண்டியப் பாருங்க எக்கா! அது அடுத்த வருசந்தான் வெளிய வரும். எச்.ஆர்.ல ஒவ்வொருத்தனா கூப்ட்டு விசாரிக்காங்க. அடுத்த மாசம் எனக்குப் பெர்மனென்ட் லெட்டரு. எம் பேரு தெரிஞ்சுச்சுன்னா இந்த ரோட்டுல ஒரு கேட்டும் எனக்குத் தொறக்காது." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான்.

அவள் படத்தை நீக்கினாள். நீக்கி என்ன புண்ணியம்? சிந்தின பாலை அள்ள முடியுமா? வேறு வேறு பக்கங்களில் அதே இலை, அதே கை, அதே வண்டி. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைப் பக்கம் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒருவன் வாழ்க்கையை நாட்டுக்கோழிக்கு ஆசை காட்டிக் கெடுத்துவிட்டோமே என்று மனது அறுத்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை.

"இன்னாமா, நீதான் கோமதியம்மாளா? நான் கோதண்டம். கம்பெனி செக்யூரிட்டி ஆபீசர். பயப்படாத."

பயப்படாதே என்று சொல்கிறவனைப் போலப் பயமுறுத்துகிறவன் உலகத்தில் கிடையாது. அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். அவள் போட்ட படம்தான், பெரிதாக அச்சடித்தது.

"இது யார் கை? பேர மட்டும் சொல்லு. உன் கடைக்கு ஒண்ணும் ஆவாது. சொல்லலன்னா நான் கம்ப்ளைன்ட் எழுதிக் குடுத்துட்டு பூடுவேன். அப்பால போலீஸ் வந்து கேக்கும்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த அய்யாத்துரை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "சொல்லிரு கோமதி. நமக்கு எதுக்கு ஊர் வம்பு."

பெயர் அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. போலீஸ் என்ற சொல்லுக்கு அவள் தன் பெயரையே மறந்துவிடக் கூடியவள். போனில் அழுத அந்தக் குரல் மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்தாள்.

"நான்தான் எடுத்தேன் சார்."

"நீயா? நீ எப்டி உள்ள வந்த?"

"ஆயுத பூசைக்கு ஆளுக குடும்பத்த உள்ள விட்டீங்கல்லா? பார்சல் கொண்டாந்தேன். கூட்டத்தோட கூட்டமா உள்ள வந்துட்டேன். யாரோ ஒருத்தரு எலயப் பிடிச்சாரு, நான் எடுத்தேன். ஆளு யாருன்னு தெரியாது."

கலப்படமில்லாத பொய். ஆயுத பூஜையன்று அவள் கேட்டுக்கு வெளியே நின்று பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள். வேர்த்து விறுவிறுத்து நின்றாள். இன்னொரு கேள்வி கேட்டால் மயங்கி விழுந்துவிடுவாள் போலிருந்தது.

கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சத்தத்தைத் தணித்து, "ரெஜிஸ்டர்ல பேரு எழுதினியா?" என்றார்.

"யாரும் கேக்கல சார்."

"போன்ல ஸ்டிக்கர்?"

"ஒட்டல."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் கேட் அவருடைய பொறுப்பு. வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் மதியத்துக்கு மேல் எழுதுவதையும் ஒட்டுவதையும் அவருடைய ஆட்கள் கைவிட்டது அவருக்குத் தெரியும். இவள் சொல்வது பொய்யென்று தோன்றினாலும் மறுக்க அவரிடம் வழியில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இத வேற யாராண்டயும் சொல்லாதம்மா. ரிட்டயர்மென்ட்டுக்கு எனக்கு ரெண்டு வருசம்தான் கீது. தெரியாத நம்பர்லேந்து படம் வந்துச்சு, தெரியாம போட்டுட்டேன்னு எழுதிக் குடு. அந்தப் பக்கத்த மூடிடு. என் கண்ணு முன்னாலயே மூடு."

அவள் எழுதிக் கொடுத்தாள். நாலாயிரம் பேரைச் சேர்த்த பக்கத்தைத் தன் கட்டைவிரலால் தானே அழுத்தி மூடினாள். பதினான்கு நாளில் நிரந்தரமாக நீங்கும் என்று திரை சொன்னது. அந்தப் பதினான்கு நாளும் திறந்து திறந்து பார்த்தாள், நீக்க வேண்டாம் என்று அழுத்திப் பக்கத்தை மீட்டுக்கொள்ளத் தைரியம் வரவில்லை. கடையில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. பார்சல் சொல்வதற்கென்று கடைக்கு இருந்த வாட்சாப் குழுவின் அறுபது பேரை வைத்துப் பிழைப்பு ஓடியது.

மணிகண்டபிரபு கடைப் பக்கம் வரவில்லை. சூடு தணியட்டும் என்று இருக்கிறான்போல என்று நினைத்துக்கொண்டாள். மார்கழி பிறந்த வாரத்தில் ஒருவன் குழுவில் எழுதினான்: 'மணிகண்டபிரபு பெர்மனென்ட் ஆயிட்டான்! ட்ரீட் எப்பல?' அவள் சந்தோஷத்தில் அய்யாத்துரையைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாழ்த்துச் சொல்ல எழுத்துக்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அவன் குழுவை விட்டு வெளியேறினான் என்று ஒரு வரி வந்து விழுந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். முதல் தடவை மணி அடித்து அடங்கியது. இரண்டாவது தடவை அவனே துண்டித்தான்.

"நன்றி கெட்ட பய" என்றார் அய்யாத்துரை.

அது நன்றிகெட்டதனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பயத்தை அவளைவிட யார் அறிவார்? அந்தக் கை யாருடையது என்று, அவன் அனுப்பிய படத்தைக் காட்டியே சொல்லக் கூடியவள் அவள் ஒருத்திதான். என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லிவிடக் கூடியவள். பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் பயந்தே வாழ்ந்தவளைக் கண்டு உலகத்தில் ஒருவன் பயப்பட ஆரம்பித்துவிட்டான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.