பேச்சித்தாயின் வெள்ளிக்கிழமைகள்

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எங்கள் கோயில் பெண்கள் குழுவிலிருந்து மாதம் ஒரு மளிகைப் பை போகிறது. என் பொறுப்பில் தாராவியில் ஒரே ஒரு வீடு, பேச்சித்தாயின் வீடு. போன மாதம் முதல் தடவை. இந்த வெள்ளிக்கிழமை இரண்டாவது. கூட வருவதாகச் சொன்ன இருவரும் காலையில் போனை எடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

செம்பூரில் 10.42 வண்டி, டிக்கெட் ஐந்து ரூபாய். குர்லாவில் மாறி சயானில் இறங்கும்போது 11.20. அரிசி, துவரம்பருப்பு, நிலக்கடலை, பால்பவுடர், எண்ணெய் என்று பை ஆறரை கிலோ. குர்லா பாலத்துப் படியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன்.

அங்கிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருபத்தாறு. ஓட்டுநர் திருநெல்வேலிக்காரர். யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொந்தக்காரர் வீடு என்றேன். பேச்சித்தாய் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள். நோய் தெரிந்தால் ரூம் ஓனர் காலி செய்யச் சொல்லிவிடுவாராம்.

"சீர் கொண்டு போறியளோ? இந்தக் கனம் கனக்கு" என்று சிரித்தார் ஓட்டுநர்.

பேச்சித்தாய்க்கு முப்பத்தொரு வயது. தோல் பைக்கு ஜிப் தைக்கிற வேலை. மருந்து முடியும்வரை கணவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடாலாவில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். பத்துக்குப் பத்து அறையில் இவள் மட்டும். ஒரு மாத்திரைகூட விடவில்லை. ஆனாலும் எடை முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தாறரைக்கு இறங்கியிருந்தது. இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போன மாதப் பையில் பாதி அப்படியே இருந்தது.

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழமைல்லாக்கா. செவ்வாயும் வெள்ளியும் மாத்திரைக்குத் தண்ணி குடிக்கதோட சரி."

யார் சொல்லி இந்தப் பட்டினி என்றேன்.

"நீங்கதானக்கா சொன்னீய, அம்மனுக்கு விரதம் இருந்தா எந்த நோயும் ஓடிரும்னு."

சொன்னேன்தான். போன மாதம் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, எல்லோரிடமும் சொல்வதுபோல. கையால் கொடுத்ததை வாயால் பிடுங்கியிருக்கிறேன்.

விட்டுவிடு என்றால் கேட்கவில்லை. நேர்ந்ததை நிறுத்தினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அழுதாள். கடைசியில் அவள் மணிக்கட்டில் இருந்த விரதக் காப்புக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கட்டச் சொன்னேன்.

"மிச்சத்தை நான் இருக்கேன். அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சாப்பிடு."

கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் கட்டினாள். நான் சாதமும் பருப்பும் வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கக்கா. ஒத்தையில எறங்கமாட்டேங்கு."

காப்பு என் கையில் இருந்தது. காற்று வரக் கதவைத் திறந்து வைத்துவிட்டு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தட்டு காலியாக முக்கால் மணி நேரம் ஆனது.

இப்படிப் போகிறவர்களுக்கு: எழுத்து எதுவும் இல்லாத சாதாரணத் துணிப்பையாக எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேருங்கள். வழியில் எதுவும் சாப்பிடாதீர்கள். கூட உட்கார்ந்து சாப்பிட உங்கள் பங்குக்கு ஒரு பிடி அரிசியைத் தனியாக முடிந்துகொண்டு, பசியோடு போங்கள்.