ஒரு சொட்டு மூத்திரத்துக்காக ஜெபித்தேன்

ஆண்டவருடைய பிள்ளைகளே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாட்சியில் மூத்திரம் என்ற வார்த்தை நிறைய வரும். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். போன வருஷம் மே மாதத்தில் என் உயிரே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். எங்கள் லைனில் நாற்பது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு அட்டைதான். ஒருத்தி போய்வந்து அட்டையைக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துவார். இந்த வம்பே வேண்டாம் என்று, காலையில் டீ குடித்தால் சாயங்காலம் வரை தண்ணீரைத் தொடமாட்டேன். அடக்கி அடக்கி அதுவே பழகிவிட்டது. இடுப்பில் அவ்வப்போது சுருக்கென்று குத்தும். தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவேன்.

அந்த மே மாதம் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். வெயில் ஜாஸ்தி, தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள் என்று பாஸ்டர் தெளிவாகச் சொன்னார். எனக்குத்தான் வீம்பு. தண்ணீரும் இல்லாமல் இருந்து காட்டுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. லீவுகூடப் போடாமல் வேலைக்குப் போனேன். இரண்டாம் நாள் காலையில்தான் கவனித்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்து எனக்கு பாத்ரூம் போகவே தோன்றவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கர்த்தர் என்னைத் தாங்குகிறார் என்று நினைத்தேன். அட்டையே தேவைப்படவில்லையே என்று ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன். பைத்தியக்காரி!

பக்கத்து மெஷினில் தைக்கும் ஷபானாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"இன்னாக்கா சொல்ற? நானும் நோன்பு இருக்குறவதான். பகல் முச்சூடும் சொட்டுத் தண்ணி இல்லாம இருக்கேன். மூத்திரம் கம்மியா வரும், மஞ்சளா வரும். வராமயே இருக்காது. மூஞ்சியப் பாரு, எப்படி ஊதிக் கெடக்குது. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்கு உபவாசம் முடிஞ்சிடும். அப்புறம் போலாம்டி."

"அதுவரைக்கும் நீ இருக்கணுமே!" என்று கத்தினாள்.

சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு என்னை வெளியே இழுத்து வந்தாள். கேட் தாண்டியதும் வாந்தி எடுத்தேன். ஒன்றுமே சாப்பிடாத வயிற்றிலிருந்து பச்சையாக வந்தது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூத்திரம் இறங்க டியூப் போட்டுப் பை மாட்டினார்கள். பை காய்ந்து கிடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். முதுகுப் பக்கம் இரண்டு கிட்னி. ரத்தத்திலிருக்கும் கழிவையும் அதிகப்படியான உப்பையும் அவைதான் பிரித்து எடுக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் பேனா ரீஃபில் தடிமனுக்கு ஒரு குழாய் மூத்திரப்பைக்கு இறங்குகிறது. என் இடது கிட்னி எப்போதோ அடைபட்டு, சுருங்கி, வேலையை நிறுத்திவிட்டதாம். எனக்குத் தெரியவே இல்லை. ஒற்றையாளாக உழைத்த வலது கிட்னியின் குழாயிலும் இப்போது ஒரு கல் வந்து சிக்கிக்கொண்டது.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டே போகுதும்மா. வெளிய போக வழியில்ல. இன்னும் ஏறினா இருதயம் நின்னுடும்" என்றார்.

என் வீட்டுக்காரர் சேகர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, ஈரச் சட்டையோடு ஓடி வந்தார். "தண்ணி குடிச்சா கர்த்தர் கோச்சிக்குவார்னு எவன்டி உனக்குச் சொன்னது?" என்று திட்டினார். திட்டும்போதே அழுதார்.

பொட்டாசியம் இறங்க ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, கல்லைத் தாண்டி ஒரு மெல்லிய டியூப் வைத்தார்கள். வழி திறந்தாயிற்று. ஆனால் கிட்னி எழுந்திருக்குமா என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை. "ஆறு மணி வரைக்கும் பார்ப்போம். வரலன்னா டயாலிசிஸ்" என்றார். அப்போது மணி மூன்றரை.

சேகர் தரையில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணி. ஒன்றுமில்லை. நாலரை. ஒன்றுமில்லை. நான் ஜெபிக்க ஆரம்பித்தேன். மகா பரிசுத்தமுள்ள பிதாவே என்று சபையில் ஜெபிப்பது போலத் தொடங்கினேன். அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை. அஞ்சு மணிக்கு வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஆண்டவரே, வீம்புக்கு இருந்துட்டேன். நீங்க குடுத்த ஒடம்ப நானே கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க. எனக்கு மூத்திரம் குடுங்க. ஒரு சொட்டாவது குடுங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அஞ்சே முக்காலுக்கு டயாலிசிஸ் ஃபாரத்தில் கையெழுத்து வாங்க நர்ஸ் வந்தார். சேகர் பேனாவை வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றார்.

"சிஸ்டர், இங்க பாருங்க... ஏய் எஸ்தரு, வருதுடி! வருது!"

முதலில் ரத்தம் கலந்து சிவப்பாக வந்தது. பிறகு மஞ்சளாக இறங்கியது. சேகர் அந்தப் பையின் முன்னால் முழங்கால் போட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஷபானா ஓடிவந்து, "அல்லா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் பை நிறைய நிறைய, ஊற்றி அளந்து நர்ஸுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் கல்லை உடைத்து எடுத்தார்கள். இடது கிட்னி திரும்பி வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒன்றை வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறேன். இப்போது வேலை நேரத்திலும் தண்ணீர் குடிக்கிறேன். அட்டைக்காகக் காத்திருப்பதில்லை. சூப்பர்வைசர் கத்தினால் கத்தட்டும். உபவாசமும் இருக்கிறேன், தண்ணீர் குடித்துக்கொண்டு.

தகப்பனே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம். இதைக் கேட்கிற சகோதரிகளே, உங்களில் எத்தனையோ பேர் வெளியே சொல்ல முடியாத வியாதியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண்டவரிடமும் அப்படியே, அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். நான் மூத்திரம் என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை.